மாதவிடாய் நிற்கும் வயதில் கூடும் எடை: சோற்றைக் குறைப்பதா, ஹார்மோன் எடுப்பதா, ஊசி போடுவதா?

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் சந்தையில் சாளை மீன் வாங்க நிற்கும்போதும், களியக்காவிளை பஸ்ஸின் பக்கத்து இருக்கையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: வயிறு இப்படி வைக்கிறதே, என்ன செய்வது? ஒருத்தி ராத்திரிச் சோற்றை நிறுத்தச் சொல்கிறாள். இன்னொருத்தி விடியற்காலையில் எழுந்து நடக்கச் சொல்கிறாள். திருவனந்தபுரத்தில் ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுக்கிறார்கள் என்று மூன்றாமவள் சொல்வாள். மகன் வளைகுடாவில் இருக்கும் வீடென்றால் பேச்சு எடை குறைக்கும் ஊசிக்குப் போய்விடும்.

இந்த நான்கும் உடம்பில் நான்கு வேறு வேலைகளைச் செய்கின்றன. தனக்கு எந்த வேலை நடக்க வேண்டும் என்று தெரியாமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பணமும் போகும், உடம்பும் போகும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பெண்களுக்கு முதலில் வர வேண்டியது தசையைக் காக்கும் சாப்பாடும் பளுப் பயிற்சியும். தூக்கம் கெடும் அளவுக்கு உடம்பு எரிந்து வியர்க்கிறது என்றால் ஹார்மோன் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசி, எடையும் சர்க்கரையும் சேர்ந்து மிரட்டுகிறவர்களுக்கு. வெறுமனே சோற்றை நிறுத்திப் பட்டினி கிடப்பதை இந்த வரிசையிலேயே நான் சேர்க்க மாட்டேன்.

ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது; மேலைநாடுகளில் 51 வாக்கில். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கு வைப்பார்கள். ஆனால் உடம்பு மாறத் தொடங்குவது அதற்குச் சில வருடங்கள் முன்பே. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பது குறைந்துபோகும். இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஒரு மாதம் பெருகி மறுமாதம் சரிந்து ஆட்டம் காட்டும். சினைப்பை முன்போல் பதில் தரவில்லை என்று கண்டு, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும். கடைசியில் சினைப்பை ஓய்ந்ததும், அதுவரை உடம்பை ஆண்டுவந்த ஈஸ்ட்ரடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது.

இங்கேதான் கொழுப்பு உள்ளே நுழைகிறது. கொழுப்பும் ஹார்மோன் சுரக்கும் உறுப்புதான் என்பதைப் பலர் அறிவதில்லை. அட்ரினல் சுரப்பியும் சினைப்பையும் தரும் ஆண் ஹார்மோன்களை, கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜன் வகையாக மாற்றுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஓடும் ஈஸ்ட்ரோஜனின் பெரும்பகுதி இப்படி வருவதுதான். ஆகவே பருமனான பெண்ணுக்கு அந்த வயதில் ஒல்லியான பெண்ணைவிட ஈஸ்ட்ரோஜன் கூடுதலாகவே இருக்கும். அப்படியானால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். எலும்புக்குச் சிறு ஆதாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புரோஜெஸ்ட்ரோனின் துணை இல்லாத அந்த ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்படலத்தை வளரவிட்டுக்கொண்டே இருக்கும். கருப்பை உட்படலப் புற்றுநோயும், மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோயும் பருமனான பெண்களுக்குக் கூடுதலாக வருவதற்கு இது ஒரு காரணம். எரிச்சலும் வியர்வையும்கூட அவர்களுக்குக் குறைவதில்லை. மாற்றம் நடக்கும் வருடங்களில் அவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

இன்னொரு மாற்றம், கொழுப்பு சேரும் இடம். அதுவரை இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு இப்போது வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர்கிறது. அங்கிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. இன்சுலின் கூடினால், பாலின ஹார்மோன்களைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்யும்; கட்டுக்குள் இருந்த ஆண் ஹார்மோன் அவிழ்ந்து ரத்தத்தில் ஓடும். தாடையில் முரட்டு முடி முளைப்பதற்கும் வயிறு பெருப்பதற்கும் உறவு இப்படித்தான். போதும் என்று மூளைக்குச் சொல்ல வேண்டிய லெப்டின் ஏராளமாக இருந்தும் மூளை அதைக் கேட்பதில்லை. இன்சுலினுக்குத் துணை நிற்கும் அடிபோநெக்டின் குறைகிறது. கடைசி மாதவிடாயை ஒட்டிய வருடத்தில் கெட்ட கொழுப்பு எனும் எல்.டி.எல். வேகமாக ஏறுகிறது. ராத்திரி வியர்த்து எழுந்து தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். அதுவும் இனிப்பையும் மாவையும் தேடும் பசி.

அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய ஸ்வான் என்ற ஆய்வு, பெண்களை நாற்பதுகளிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. மாதவிடாய் நிற்கும் மாற்றம் தொடங்கியதும் கொழுப்பு சேரும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதே சமயம் தசை கரையத் தொடங்கியது. கடைசி மாதவிடாய்க்குப் பின் சுமார் இரண்டு வருடம்வரை இது நீண்டது. ஆனால் மொத்த எடை ஏறும் வேகத்தில் அப்படி ஒரு தாவல் இல்லை. ஒரு பக்கம் தசை போய், மறுபக்கம் கொழுப்பு வந்தால் தராசுக்கு எப்படித் தெரியும்?

வயதானதால் உடம்பு சக்தியை எரிப்பதில்லை என்ற பேச்சையும் இங்கே முடித்துவிடலாம். 2021-ல் சயன்ஸ் இதழில் பல நாட்டு ஆயிரக்கணக்கானவர்களின் அளவீடுகள் வந்தன. உடலின் பருமனையும் தசையையும் கணக்கில் எடுத்தபின், 20 வயதுமுதல் 60 வயதுவரை எரிக்கும் வேகம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்குத் தனியாக ஒரு சரிவும் தெரியவில்லை. எரிப்பது தசைதான், அது குறைந்தால் எரிப்பும் குறையும். தசையைக் காப்பதையே என் அளவுகோலாக நான் எடுத்துக்கொண்டது இதனால்தான்.

தையல்காரர் டேப் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், துணிக்கு மேலே அல்லாமல் தோலின்மேல் வைத்து அளக்க வேண்டும். புடவை கட்டும் இடம் வேறு, இது வேறு. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் வயிற்றுப் பருமன். கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் உடல் எடைக் குறியீடும் நமக்கு 23-ஐத் தாண்டினாலே அதிகம், 25 என்றால் பருமன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் கேரளத்தில் 38.1 சதவீதப் பெண்களும் எடை கூடியவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வறிக்கையில் சர்க்கரை நோய் கேரளத்தில் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் இந்தப் பக்கத்து அடுக்களை இன்றும் திருவிதாங்கூர் அடுக்களைதான். ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கத்து எண்ணை நான் அந்நியமாகப் பார்ப்பதில்லை.

இனி ஒவ்வொரு வழியாக வருகிறேன். முதலில் சோறு.

என் மயினி முந்திரி ஆலையில் பருப்பில் தொலி எடுக்கும் வேலை பார்க்கிறவர். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியாத வேலை. காலையில் கட்டன் சாயா, மதியம் அவித்த மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும், மீன் ஒன்றோ இரண்டோ. சாயங்காலம் ஏத்தங்காய் அப்பம். ராத்திரி ஒன்றும் கிடையாது. "ராத்திரிச் சோறே விட்டுவிட்டேன் மக்களே, எடை குறைகிறது, ஆனால் இந்த வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது" என்றார். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றினார். அந்தக் குறைந்த எடை எங்கிருந்து போனது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

உணவை மட்டும் குறைத்து இளைத்தால் போகும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசையும் அதைச் சார்ந்ததும்தான். அந்த உணவில் புரதமும் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். நூறு கிராம் மரச்சீனிக்கிழங்கில் மாவு 38 கிராம் இருக்கிறது, புரதம் ஒரு கிராம்தான். ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஐம்பதைத் தொடும் பெண் 1 முதல் 1.2 கிராம்வரை எடுப்பது நல்லது என்று நான் கருதுகிறேன். 65 கிலோ எடைக்கு 65 முதல் 78 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

நம் ஊரில் இது கடினமே இல்லை. நூறு கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. விலையும் கைக்கு எட்டும். அயிலை, சூரை, நெத்திலி எல்லாம் அப்படியே. முட்டை ஒன்றில் 6 கிராம். கஞ்சியும் சிறுபயறும் நம் பாட்டிமார் சாப்பிட்டதுதான். பயறைக் கூட்டிக் கஞ்சியைக் குறைத்தால் அதுவே நல்ல ராத்திரிச் சாப்பாடு. கிழங்கை விட வேண்டாம், பாதியாக்கி மீனை இரட்டிப்பாக்கினால் போதும். மீனைப் பொரிக்காமல் குழம்பாகவே வைக்க வேண்டும். கருவாட்டில் உப்பு மிகுதி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒதுக்கிவைப்பது நல்லது. வீடு முழுவதற்கும் மீனைப் பங்கு வைத்துவிட்டுச் சட்டியில் மிஞ்சிய குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடும் வழக்கத்தைப் பெண்கள் நிறுத்த வேண்டும். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அடுத்து நடை. சர்க்கரையைத் தள்ளிப்போட நடைக்கு நிகராக மலிவான மருந்து கிடையாது. அமெரிக்க ஆய்வொன்றில் வாரம் 150 நிமிட நடையும் 7 சதவீத எடைக் குறைப்பும் சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 31 சதவீதம். 2006-ல் வெளிவந்த சென்னை மருத்துவர் ராமச்சந்திரன் குழுவின் ஆய்வில், நம்மவர்களிடம் நடையும் உணவும் 28.5 சதவீதம், மாத்திரை 26.4 சதவீதம் குறைத்தன. களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் நெய்யாற்றின்கரை தாலுகாவிலும் ஓர் ஆய்வு நடந்தது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 1007 பேர், ஊர்க்காரர்களையே வழிகாட்டிகளாக வைத்துக் குழுக்களாக முயன்றார்கள். 2018-ல் வந்த முடிவு, ஒட்டுமொத்தத்தில் உறுதியான குறைவைக் காட்டவில்லை. குளுக்கோஸ் குடித்தபின் சர்க்கரை கட்டுக்குள் வராத நிலையில் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. நம் மண்ணில் நடையும் பேச்சும் மட்டும் எல்லோருக்கும் போதாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

நடை தசையை வளர்ப்பதுமில்லை. தவிர, குமரி மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். குறுகிய ரோட்டோரம் விடியற்காலையில் லாரிக்கு ஒதுங்கி நடப்பது பாதுகாப்பும் அல்ல. ஆலையிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைக்கும் பெண்ணிடம் ஒரு மணி நேரம் நட என்று சொல்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பி இடுப்புவரை தூக்கி இறக்குவது: இவற்றை வாரம் இரண்டு மூன்று நாள், கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்கும் அளவுக்குச் செய்ய வேண்டும். மாதவிடாய் நிற்கும் வருடங்களில் முதுகெலும்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதம் அளவுக்கு அடர்த்தியை இழக்கிறது. பளு தூக்கினால் எலும்பும் தாக்குப்பிடிக்கும். நேரம் இருப்பவர்கள் இதோடு நடக்கலாம். ஒன்றுதான் முடியும் என்றால் நான் பளுவைத்தான் தேர்வேன்.

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றித்தான் அதிகம் பயம். காரணம், 2002-ல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வு. ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்ட்ரோனைப் போல வேலை செய்யும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த அந்தப் பிரிவில் 16,608 பெண்கள் இருந்தார்கள். மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள்; பக்கவாதமும் ரத்த உறைவும் கூடின. உலகமே அஞ்சிப் பின்வாங்கியது. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிற ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே மிஞ்சுகிறது என்று தெரிந்தது.

இந்தச் சிகிச்சை எடையைக் குறைக்காது, கூட்டவும் செய்யாது. வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வதை ஓரளவு மட்டுப்படுத்தும். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதை எடுத்தவர்களிடம் குறைந்திருக்கிறது. ஆனாலும் வயிற்றைக் குறைக்கவென்று யாரும் இதைக் கேட்டு வாங்கக் கூடாது. ராத்திரியில் நாலைந்து தடவை வியர்வையில் நனைந்து எழும் பெண்ணுக்கு இது வேறு கதை. தூக்கம் திரும்பினால் பசி அடங்கும், பளு தூக்கத் தெம்பு வரும். அப்படிப்பட்டவர்களைப் பொறுத்துக்கொள் என்று வீட்டில் சொல்வது கொடுமை.

பருமனான பெண்கள் கட்டாயம் கேட்க வேண்டியது, எந்த வடிவம் என்பது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது. பருமன் ஏற்கெனவே அதைக் கூட்டியிருக்கும். தோலில் தடவும் ஜெல்லிலும் ஒட்டும் பட்டையிலும் அந்த ஆபத்து குறைவு. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தனியாகக் கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்ட்ரோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, ரத்த உறைவு, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு இது பொருந்தாது. 45 வயதுக்குள் அறுவையில் கருப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்ட பெண்கள் வேறு வகை: அவர்களுக்கு இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் தருவதுதான் பொதுவான வழக்கம். அறுவை செய்த இடத்திலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று பலருக்குத் தெரிவதில்லை.

ஊசிகளின் பலம் உண்மையானது. வாரம் ஒருமுறை போடும் செமாகுளூட்டைடு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. டிர்செபடைடு அதன் உச்ச அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். சோறும் நடையும் இந்த அளவைத் தொடுவது அரிது. ஆனால் மவுன்ஜாரோ என்ற பெயரில் டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க அளவுகளுக்கே மாதம் 14,000 ரூபாய் முதல் 17,500 ரூபாய்வரை ஆனது. செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால் அதன் விலை இறங்க வழி உண்டு. விலையைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறு இரண்டு. ஊசியால் போகும் எடையிலும் கணிசமான பங்கு தசைதான்; பசியே இல்லாததால் புரதம் சாப்பிடவும் மனம் வராது. செமாகுளூட்டைடை நிறுத்திய ஒரு வருடத்துக்குள், போன எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதை ஆய்வு காட்டியிருக்கிறது. திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு. ஐம்பது வயதுக்கு மேல் போன தசையைத் திரும்பப் பிடிப்பது எத்தனை பாடு!

ஆகவே சர்க்கரையோ, கொழுப்பேறிய கல்லீரலோ, தூக்கத்தில் மூச்சுத் திணறலோ எடையோடு சேர்ந்திருப்பவர்களுக்கு, பளுப் பயிற்சியோடும் புரதத்தோடும் சேர்த்து, பல வருடம் தொடரும் வசதி இருந்தால், இது நல்ல மருந்து. மகள் கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம். வளைகுடாவிலிருந்து யாரோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் ஊசிப் பேனாவை நம்பாதீர்கள். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. மாதவிடாய் ஒழுங்கற்று வரும் வயதிலும் கர்ப்பம் தரிக்கலாம் என்பதை இந்த ஊசி போடுகிறவர்கள் மறக்கக் கூடாது. டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கக்கூடியது.

அறுவை சிகிச்சை மிகுந்த பருமன் உள்ளவர்களுக்கானது, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டில் எழுதாத இடுப்பு குறைக்கும் பொடியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

எங்கே போவது என்ற குழப்பமும் எல்லையோரத்தில் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க பாறசாலைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டியதில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம். ஹார்மோன் சிகிச்சையும் ஊசியும் பேச, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியோ, எது உங்களுக்குப் பஸ் வசதியோ அங்கே போங்கள். அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்பதால் தூரமும் ஒரு கணக்குதான். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொழுப்பு, தைராய்டு, ரத்தசோகை ஆகிய சோதனைகள் கையில் இருக்கட்டும். தைராய்டு குறைந்தாலும் எடையும் சோர்வும் இப்படித்தான் வரும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதவிடாய் நிற்கப்போகிறதா என்று அறிய எஃப்.எஸ்.எச். சோதனை பெரும்பாலும் தேவைப்படாது, அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். இடுப்பளவையும், கடைசியாக மாதவிடாய் வந்த தேதியையும், ராத்திரியில் எத்தனை தடவை எழுகிறீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிறப்புறுப்பு வறட்சியும் எரிச்சலும் இருந்தால் அதையும் எழுதுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டினால் போதும், அங்கேயே தடவும் கிரீம் இருக்கிறது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், எடை, ஊசி, ஹார்மோன் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போய்க் கருப்பை உட்படலத்தை ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.